எந்தச் சாவி?

ரெசின் பாதி மோல்டுக்குள் ஏறியிருந்த நேரத்தில்தான் அந்த ‘உஸ்’ கேட்டது. பெனிஷா சட்டென்று நிமிர்ந்தாள். காற்றாலை இறக்கை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவள் டீம் லீடராக நின்று வார்க்கும் முதல் இறக்கை. கண்ணாடி இழையை அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே ரெசின் பசையை உள்ளே இழுக்க வேண்டும். நடுவில் காற்று புகுந்தால் குமிழி விழும். குமிழி விழுந்தால் அத்தனை நீள இறக்கையும் குப்பைக்குத்தான். அதோடு லீடர் பதவியும் போகும்.

சாத்தான்குளத்துக்காரி. டிப்ளமோ முடித்து, மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிர்பதன மெஷின் பார்த்தாள், துறைமுகத்தில் கண்டெய்னர் பழுது பார்த்தாள், இப்போது இறக்கை. “ஏளா, ஒரு எடத்துல நெலச்சி நிக்க மாட்டியா?” என்று அம்மா கேட்காத நாளில்லை. நிற்க மாட்டாள்தான். அடுத்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது.

மோல்டின் அந்தப் பக்கம், காற்று கசியும் குழாய் இணைப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ரொசான்ஜெலா நின்றாள். இவர்களுக்கு வேலை பழக்க பிரேசிலிலிருந்து வந்த, போர்ச்சுகீசு பேசும் இன்ஜினியர். ஃபிட்டர் இசக்கியப்பன் வாயில் ரோசாக்கா. பதற்றத்தில் அவளுடைய ஆங்கிலம் எங்கோ பறந்துவிட்டது. “ஷாவி! ஷாவி!” என்று கத்தினாள்.

இசக்கியப்பன் எடுத்தாரே ஓட்டம்! தொப்பை குலுங்கப் போய், ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். “இந்தாங்க ரோசாக்கா.”

அவள் கொத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. “ஷாவி!”

“அதத்தான கொண்டாந்திருக்கேன்? இதுக்கு மேல என்ன சாவி?”

ரொசான்ஜெலாவின் கைகள் குழாய் இணைப்பை விடவில்லை. முழங்கை மட்டும் எதையோ திருகுவதுபோல அசைந்தது. அடக் கடவுளே! “அண்ணாச்சி, ஸ்பேனரு! அவுக ஊர்ல அதுக்கும் சாவின்னுதான் பேரு போல!” பெனிஷா தன் ஸ்பேனரோடு மோல்டுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். ஒருத்தி அழுத்த, ஒருத்தி முறுக்க, ‘உஸ்’ மெலிந்து அடங்கியது.

ரெசின் இறுகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெனிஷாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஜன்னலைக் காட்டினாள். “ஜனேலா” என்றாள் ரொசான்ஜெலா. பெனிஷா மேசையைத் தட்டினாள். “மேசா.” இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

இசக்கியப்பனுக்குக் கோபம் ஆறவில்லை. “அன்னிக்குக் கப்பல்ல வந்த போர்ச்சுகீசுக்காரனுவ பூட்டுச் சாவிய மட்டும் குடுத்தானுவ. இன்னொரு சாவியும் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாது?”

மறுநாள் உறையைப் பிரித்தார்கள். குழாய் இணைப்பு இருந்த இடத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. தட்டிப் பார்த்தால் தெரியும்: கெட்டியாகக் கேட்டால் பிழைத்தது, பொத்தென்று கேட்டால் உள்ளே குமிழி. பெனிஷா திட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பயம்தான். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடும் ஆசை பயத்தை முந்திக்கொண்டு நின்றது. திரும்பாமலே கையை நீட்டினாள். “அண்ணாச்சி, சாவி.”

இசக்கியப்பன் ஒரு கையில் ஸ்பேனரும் மறுகையில் கொத்துமாக முழித்தார். “ஏளா பெனிஷா, எந்தச் சாவி?”

ரொசான்ஜெலா சிரித்துக்கொண்டே கொத்தை வாங்கி, அதிலேயே சின்னச் சாவியைப் பிரித்துப் பெனிஷாவின் விரல்களுக்கிடையில் வைத்தாள். பெனிஷா அதால் திட்டின் ஓரத்தில் தட்டினாள். டக். கெட்டியான சத்தம். இன்னும் நடுப்பகுதி இருந்தது. மூன்று தலைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குனிய, சாவி மெல்லத் திட்டின் நடுவை நோக்கி நகர்ந்தது.