கல் உடைவதற்குக் கொஞ்சம் முன்

...சிரிப்பு முதலில், கல் அப்புறம், இந்த வரிசையை யாரும் மாற்றிவிடக் கூடாது, ஆனால் மாற்றத்தான் போகிறார்கள், கல்லை மட்டும்தான் சொல்வார்கள், பைத்தியக்காரி கருத்தரங்கு மேடையிலிருந்து இறங்கிப் போய்த் துறைத்தலைவர் மண்டையைப் பிளந்துவிட்டாள் என்று, அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கதை இன்னும் ருசிக்கும்... சிக்னலில் சிவப்பு விழுந்தது. காரில் பக்கத்து இருக்கையில் அண்ணன், மேடை மேசையின் விரிப்பைச் சுருட்டித் தலையில் அழுத்திக்கொண்டு, ரத்தம் காது மடலைச் சுற்றி இறங்கிக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனவர்களை அவன்தான் தடுத்தான். "வேண்டாம், என் தங்கச்சி கூட்டிட்டுப் போவா." உடைத்தவளே ஓட்டிக்கொண்டு போகிறாளாம். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். கை ஒழுங்காகத்தான் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவள் சொன்னது ஊரைப் புரட்டுகிற விஷயம்கூட இல்லையே, கல் உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மின்துடிப்பை விடுகிறது, அவ்வளவுதான்... ஆய்வுக்கூடத்தில் இரும்புத் தாடைகளுக்கு நடுவே கருங்கல் உருளையை நிறுத்தி நெரிப்பாள், கல் முதலில் முனகும், பிறகு வெடிக்கும், சில்லுகள் கூண்டு வலையில் மோதித் தெறிக்கும், ஆனால் அதற்கு முன்னால், கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாத நேரத்தில், திரையில் கோடு துள்ளும். எப்போதும் இல்லை, சில கற்களில் மட்டும். அந்தச் 'சில'வில்தான் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பி சரியில்லை என்றார்கள், மாற்றினாள். கட்டடத்து மின்சாரம் உள்ளே வருகிறது என்றார்கள், பேட்டரியில் ஓட்டினாள். அதன்பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டுப் பெயர் வைத்தார்கள், கல் ஜோசியக்காரி. கேன்டீனில் ஒருவன் உப்புக்கல்லைக் காதில் வைத்துக்கொண்டு, "மேடம், இது இன்னைக்கு உடையுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான், அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி என்று இன்னொரு பெயர் வரும்... சுரங்கத்தில் கூரை இறங்கி நசுங்கிப்போகிறவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அந்தக் கோடு துள்ளியதும் உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட்டுவிடலாமே, அதை ஒருவனாவது கேட்டானா? இன்று அவள் பேசியது எடுபடாவிட்டால் அந்த இயந்திரத்தைக் கழற்றி வேறொருவருக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவன் இதோ, பக்கத்தில், ரத்தம் சொட்டச் சொட்ட.

பச்சை விழுந்தது, பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான், இறங்கிப் போய் அவனையும் அடிக்கலாம் போலிருந்தது... அவள் பேசி முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கல்லுக்கு மூடு சரியில்லன்னா துடிப்பு வராதோ?" என்று கேட்டதும் கூடம் கொல்லென்று சிரித்தது. அது வலிக்கவில்லை, பழகிப்போனது. அவள் அண்ணனைத்தான் பார்த்தாள். அவன் வாயைப் பொத்தியிருந்தான், தோள்கள் குலுங்கின. பாராட்டும் வேண்டாம், பரிந்து பேசவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதாதா, சிரிக்காமல் இருக்க என்ன செலவு? காட்டுவதற்காகக் கொண்டுவந்த உருளை கையிலேயே இருந்தது. எறிந்தாளா? இல்லை, எறியவில்லை, நடந்து போனாள், ஓங்கினாள், இறக்கினாள். ஈரமான சத்தம், ஆய்வுக்கூடத்தில் எந்தக் கல்லும் எழுப்பாத சத்தம். மறுபடியும் ஓங்கினாள், யாரோ மணிக்கட்டை முறுக்கிக் கல்லைப் பிடுங்கினார்கள், பிடுங்கியிருக்காவிட்டால்? இறக்கியிருப்பாள். அவன் முகம் முகமாக இல்லாமல் போகும்வரை இறக்கியிருப்பாள், இப்போது நினைத்தாலும் தோள்பட்டையில் அந்த வேகம் மிச்சமிருக்கிறது, கூச்சமே இல்லாமல்...

"மெதுவா ஓட்டும்மா. உடைஞ்சது ஒண்ணு போதும்."

"பேசாத."

"பேசலன்னா தூங்கிடுவேன் போலிருக்கு. கண்ண இருட்டுது."

"அப்ப பேசு. ஏன் சிரிச்சேன்னு சொல்லு."

அவன் விரிப்பை மடித்துக் காய்ந்த பக்கத்தைத் தலையில் வைத்தான். "நான் போட்டுப் பார்த்தேன்."

"எத?"

"உன் கல்லத்தான். லீவுல, யாரும் இல்லாதப்ப, உன் மிஷின்லயே. வந்துச்சு. ஒரு தடவ வந்துச்சு. அப்புறம் எத்தனை போட்டும் வரல."

கார் ஓரத்து நடைபாதையில் உரசி நின்றது, அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "எந்தக் கல்லு? காஞ்சதா, நனைஞ்சதா?"

"நனைஞ்சது."

"அத ஏண்ணா அங்க சொல்லல?"

"ஒரே ஒரு தடவ வந்தத வச்சு என்னத்தச் சொல்றது? வாயத் தொறந்தா உன் பக்கத்துல என்னையும் உக்கார வச்சுச் சிரிப்பாங்க. அவங்களோட சேர்ந்து சிரிச்சுட்டா, தப்பிச்சுடலாம்."

வந்துச்சு... அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கற்களை நொறுக்கியிருப்பாள், இவனிடமே இருந்திருக்கிறது, பையில் சில்லறை மாதிரி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், எதிரே லாரி ஒன்று வருகிறது, வண்டியை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு திருப்பு திருப்பினால் அவன் பக்கம்தான் முதலில் நசுங்கும்... அதே சமயம் நெஞ்சுக்குள் ஏதோ குதியாட்டம் போட்டது, வந்திருக்கிறது, இன்னொருவன் கைக்கும் வந்திருக்கிறது, நான் பைத்தியம் இல்லை. கொல்லவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து. வலிக்கிறதா என்று அவனை இன்னும் கேட்கவில்லை என்பது கியரைப் போட்டபோதுதான் உறைத்தது. அப்போதும் கேட்கவில்லை. லாரி கடந்து போனது, அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டாக்டர் ஒருத்தி முடியைச் சிரைத்துக் காயத்தைக் கழுவினாள், சதை இரண்டாகப் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, உடைத்தவள் கண்ணை எடுக்கவில்லை, தன் கை செய்ததைத் தானே பார்க்காமல் வேறு யார் பார்ப்பது.

"எப்படிங்க அடிபட்டுச்சு?"

"அலமாரி மேல இருந்து கல்லு விழுந்துடுச்சு டாக்டர். நல்லவேளை, தங்கச்சி பக்கத்துல இருந்தா."

ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு கண் சிமிட்டல் இல்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்தாள், நம்பிவிட்டாள், யார்தான் நம்பமாட்டார்கள்... ஊசி தோலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது, அண்ணன் பல்லைக் கடித்தான். இந்தக் குரல். வந்துச்சு என்று காரில் சொன்னதும் இதே குரல்தானே, இதே நிதானம், எதற்கும் கூடாமல் குறையாமல். நனைந்த கல்லில்தான் அதிகம் வருகிறது என்று மேடையில் அவளே சொல்லியிருந்தாளே, அதைக் கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தான்... கூடத்தில் சிரித்தவனா, காரில் சொன்னவனா, இங்கே இந்தக் கட்டிலில் உட்கார்ந்து அவளைக் காப்பாற்றுகிறவனா, இவர்களில் யார் போட்டுப் பார்த்தது? உண்மையிலேயே போட்டுப் பார்த்தானா? கேட்கலாம். கேட்டால் சொல்வான். இதே குரலில்தான் சொல்வான்.