மூச்சு விடும் மேடை

அந்தத் தெருவில் அவளைப் பெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் பிளைவுட்டை அறுத்து, ஒட்டி, இழைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வட்ட வாய் வைப்பாள். போர்ட் என்று அதற்குப் பெயர். பெட்டிக்குள்ளே போகும் வெறும் குழாய்தான். ஆனால் அதன் அகலமும் நீளமும் சரியாக அமைந்துவிட்டால், பாட்டிலின் வாயில் ஊதினால் ஹூம் என்று வருமே, அதுபோல அடித்தொண்டைச் சத்தமெல்லாம் அந்த வாய் வழியாகத் திரண்டு வரும். அமையாவிட்டால் காற்று புஸ் புஸ்ஸென்று சீறும். அந்தச் சீறல் அவளுக்கு ஆகவே ஆகாது. அடுத்தவன் செய்த பெட்டி கல்யாண மண்டபத்தில் சீறினால்கூட, சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள்.

அவளுடைய நாத்தனாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேக் கடையில் அலங்கார வேலை. கையால்தான் பேசுவாள், அந்தக் கைக்கு வாய் அதிகம். அண்ணி பட்டறை போட்ட புதிதில் எட்டிப் பார்த்துவிட்டு, "செவிடி காதுல சங்கு ஊதறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்க அண்ணன் சங்கு செய்யறவளையே கட்டிட்டு வந்துட்டான்" என்று சொல்லி வீட்டையே சிரிக்க வைத்தாள். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட மட்டுமே அந்தப் பக்கம் வருவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் பட்டறைக்குள் வந்து மரத்தூளைத் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அவளோடு பள்ளியில் படித்தவன், அவனுக்கும் கேட்காது.

"அண்ணி, எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"உனக்கா?"

"கல்யாணத்துக்கு. போன மாசம் ஒரு தோழி கல்யாணத்துக்குப் போனோம். எல்லாரும் ஆடினாங்க. எங்க கூட்டம் மட்டும் மூலையில உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே இருந்துச்சு. ஆடத் தெரியாம இல்ல. எப்ப ஆடணும்னு தெரியல. என் கல்யாணத்துலயும் நான் மூலையில உக்காந்து ஐஸ்கிரீம் தின்ன மாட்டேன்."

பெட்டிக்காரி இழைப்புளியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் நாத்தனார் தன்னிடம் கேட்ட முதல் பொருள் அது. "ஏறி நின்னா கால்ல அதிரற மாதிரியே செஞ்சுடுவோம்" என்றாள்.

செய்தாள். கட்டில் அளவில், முழங்காலுக்கும் தாழ்வான மேடை, மேடையே பெட்டி. உள்ளே பெரிய ஸ்பீக்கர்கள், ஓரத்தில் மேல்நோக்கித் திறந்த ஒரு போர்ட். முதல் தடவை பாட்டைப் போட்டபோது மேடை நன்றாகத்தான் அதிர்ந்தது. ஆனால் போர்ட், வால் மிதிபட்ட பூனையாகச் சீறியது. வாய் குறுகல். அவள் அவசரமாக அணைக்கப் போவதற்குள் நாத்தனார் வந்து ஏறிவிட்டாள். காற்று கணுக்காலில் அடித்தது. குனிந்து முகத்தைக் காட்டினாள், முன்முடி துள்ளியது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது இன்னும் முடியல, இதை வச்சு எடை போடாத" என்று பெட்டிக்காரி கையாட்டினாள். மரியாதைக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தச் சீறலோடு மல்லுக்கு நின்றாள். போர்ட்டை அகலமாக்கினால் காற்று நிதானமாக வரும். ஆனால் அதே சுருதி வேண்டுமென்றால் குழாயும் நீள வேண்டும். பெட்டியோ தாழ்வு. எனவே குழாயை உள்ளுக்குள் மடக்கி ஓட்டினாள். கடைசியில் ஓசையே இல்லாமல் போர்ட் வேலை செய்தது. வாயருகே காகிதக் கீற்றைப் பிடித்தால் அது லேசாகத் தலையாட்டியதோடு சரி. அவளுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாத்தனார் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏறி நின்றாள். காலை மாற்றி வைத்தாள். பிறகு மண்டியிட்டுப் போர்ட் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அது எங்க?"

"எது?"

"மூச்சு."

"அதை எடுத்தாச்சு. அது தப்பு. சத்தம் வரும்."

நாத்தனார் மாப்பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"யாருக்குச் சத்தம்?"

பெட்டிக்காரி குனிந்து தானும் போர்ட் வாயில் கை வைத்துப் பார்த்தாள்.

"அதிர்வு உடம்பு பூரா ஒண்ணா வருது, அண்ணி. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியல. அந்தக் காத்துதான் இப்போ, இப்போ, இப்போன்னு சொல்லுச்சு."

பேருந்து ஓட்டும் கணவர் வேலை முடிந்து வந்து, சமையலறையில் விஷயத்தைக் கேட்டார். "கேக்கறவனுக்குப் புஸ்ஸுன்னா தலைவலி. கேக்காதவனுக்குப் புஸ் இல்லன்னா தலைவலி. நடுவுல நீ மாட்டிக்கிட்ட."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. கேக்கறவங்களுக்குத்தான் மண்டபத்துல வேற ஸ்பீக்கர் வைக்கப் போறியே. இது அவ பெட்டி. அவ கேட்டதைக் கொடேன்."

அது அவளுக்கு உறைத்தது. யாருக்காகச் செய்தோம்? தன் காதுக்காகத்தானே. மறுநாள் மேடையைப் பிரித்தாள். முதலில் வைத்த வாய்க்கும் பிறகு வைத்ததற்கும் நடுவாக ஓர் அளவைக் கணக்குப் போட்டு எடுத்தாள். ஒரே வாயாக வைக்காமல், பிரித்து நான்கு பக்கமும் வைத்தாள். குழாயின் கூர்மையான விளிம்பில்தான் சீறல் அதிகம் பிறக்கும் என்பதால், ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாள் போட்டு, சட்டி வாய்போல் வளைவாகத் தேய்த்தாள். பாட்டுகளில் தாளம் விழும் அடிச்சத்தத்துக்கே சுருதியைப் பொருத்தினாள், ஒவ்வொரு அடிக்கும் முழு மூச்சு வரட்டும் என்று.

இந்தத் தடவை கணவர்தான் பரிசோதனை எலி. ஏறி நின்றதும் அவருடைய பேன்ட் கால்கள் பாய்மரம்போல் படபடத்தன. சீறல் கொஞ்சம் இருந்தது. பெட்டிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே விட்டாள். நாத்தனார் அண்ணனைக் கீழே தள்ளிவிட்டு ஏறினாள். கண்ணை மூடினாள். விரல் தொடையில் தாளம் போட்டது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

கல்யாண வரவேற்பு மாலையில் தொடங்கியது. மண்டபத்தின் நடுவில் மேடை. முதலில் மணமக்கள் ஏறினார்கள். பின்னாலேயே அவர்களுடைய பள்ளிக் கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியது. ஒருவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டான், காற்று நன்றாகப் படட்டும் என்று. பாட்டு தொடங்கியதும் அத்தனை கால்களும் ஒரே அடியில் விழுந்தன. சுற்றி நின்ற கேட்கிற சனம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தது. பிறகு அந்தக் கால்களைப் பார்த்தே ஆடத் தொடங்கியது. பெட்டிக்காரியின் மாமியார்கூட நாற்காலியில் இருந்தபடியே தோளைக் குலுக்கினார். கணவர் மட்டும் எப்போதும்போலத் தாளத்துக்கு அரை அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"உனக்குக் காது இருந்து என்னண்ணா பிரயோஜனம்?" என்று மேடையிலிருந்து தங்கை கேட்க, புரிந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரித்து முடிவதற்குள் நாத்தனார் பெட்டிக்காரியின் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். மற்றவர்கள் ஆடுவதற்குப் பெட்டி செய்தாளே தவிர, அவள் ஒரு நாளும் ஆடியதில்லை. வெறுங்காலோடு நின்றாள். கணுக்காலில் மூச்சு பட்டது, விட்டது, பட்டது. கூச்சமாகவும் சுகமாகவும் இருந்தது. கூடவே, அந்த இடதுபக்க வாயை இன்னும் ஒரு நூல் தேய்த்திருக்கலாமோ என்று குனிந்து விளிம்பைத் தடவினாள்.

நாத்தனார் அவள் கையில் ஓர் அடி போட்டாள். "வேலையை நாளைக்குப் பாருங்க. இப்ப காலைத் தூக்குங்க."

தூக்கினாள். அடுத்த மூச்சு வந்தபோது பெட்டிக்காரியின் கால் சரியாக அதன்மேல் விழுந்தது. நாத்தனார் தலைக்குமேல் இரண்டு கைகளையும் உயர்த்தி, கேட்காதவர்கள் கைதட்டும் விதமாக ஆட்ட, மேடையில் இருந்த அத்தனை பேரும் அவளுக்காகக் கையை உயர்த்தி ஆட்டினார்கள்.