‘போயிட்டாரு’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்தது. அதில் நான் ஒரு மனிதரைச் சாகடித்தேன். வேண்டுமென்றே இல்லை. காது கேட்டதைக் கை எழுதிவிட்டது. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாவது கொரோனா அலையின் கடைசி நாட்கள். ஊரடங்கில் மூடிக்கிடந்த சிறு கடைகளுக்கும் சின்ன அறக்கட்டளைகளுக்கும் நிவாரணம் தருவதாக வார்டு ஆபீஸில் அறிவித்திருந்தார்கள். (திட்டத்தின் விதிகளைக் கதைக்காக நானே அமைத்திருக்கிறேன். தேடினால் கிடைக்காது.) விண்ணப்பம் ஆன்லைனில், கன்னடத்தில். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் லேப்டாப்பும் கன்னடமும் சேர்ந்து இருந்த வீடு என்னுடையது. நான் மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகள் எழுதுபவள். ‘இந்தப் பொத்தானை அழுத்தவும்’ என்று பன்னிரண்டு வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, ‘உங்கள் தொழில் எவ்வாறு பாதிக்கப்பட்டது?’ என்ற கட்டம் ஒரு வரமாக வந்தது.

இஸ்திரிக் கடைக்கு எழுதினேன். ஜெராக்ஸ் கடைக்கு எழுதினேன். ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்திய ஒரு அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு, நானே வாசித்து நானே அழுதேன். எழுத்தாளர் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு வந்தது. தப்பு அங்கேதான் தொடங்கியது.

2

அடுத்து இளவேனில் வர வேண்டும். எப்படிக் கொண்டுவருவது?

‘மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் என் கதவு மெல்லத்—’

மழை பெய்யவில்லை.

‘அவள் விழிகளில் ஆழமான ஒரு சோகம்—’

மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை என் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“த்ரெட்டிங் பண்ணி ரெண்டு மாசம் இருக்கும் போல மேடம்?” என்றாள்.

அவ்வளவுதான் தொடக்கம். இளவேனில், முப்பத்திரண்டு வயது, திருப்பத்தூர் பக்கம். எங்களுக்கு அடுத்த குறுக்குத் தெருவில் ஒற்றை நாற்காலி பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மற்ற கடைகளை அரை ஷட்டராவது திறக்க விட்டார்கள். பார்லருக்கு அதுவும் இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கட்டிட ஓனர் கெடு வைத்திருந்தார்.

நான் வரிசையாகக் கேட்டேன். கடையின் பெயர், லைசன்ஸ், குடும்பத்தில் எத்தனை பேர்.

“நானும் எம் பொண்ணும்தான். மூணாவது படிக்குறா.”

“வீட்டுக்காரர்?”

“அவரு போயிட்டாரு மேடம். போன ஆடி மாசம்.”

அய்யோ என்றேன். அவள் தோளைத் தொட நினைத்து, கொரோனா ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு எழுதினேன்: ‘கணவரைக் கொடுநோய்க்குப் பறிகொடுத்த இந்தப் பெண்—’

(இந்த வாக்கியத்தை மேலும் காட்ட மாட்டேன். இதற்குப் பின்னால் நான்கு உவமைகள் இருந்தன.)

3

பத்து நாளில் வார்டு ஆபீஸிலிருந்து அழைத்தார்கள். கணவரை இழந்தவர்களுக்கான முன்னுரிமைப் பட்டியலில் இளவேனிலின் பெயர் முதலில் இருந்தது. இறப்புச் சான்றிதழை மட்டும் மறுநாள் ஐந்து மணிக்குள் கொண்டுவர வேண்டும். அதுவே கடைசி நாள்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். இளவேனில் மூடிய கடைக்குள் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு செத்தது?”

“உங்க... வீட்டுக்காரர்.”

முதலில் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அவரு ஓசூர்ல டெம்போ ஓட்டிக்கினு இருக்காரு மேடம்.* இன்னொருத்திகூட. போயிட்டாருன்னா வுட்டுட்டுப் போயிட்டாருன்னு. செத்தா, செத்துட்டாருன்னு சொல்லமாட்டேனா?”

(* இந்தக் கதையை அவளிடம் வாசித்துக் காட்டியபோது, “ஊரை மாத்திடுங்க” என்றாள். மாற்றியிருக்கிறேன். அது ஓசூர் இல்லை.)

அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“ஒண்ணு சொல்லட்டா? நீங்க சொன்னப்போ ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு.”

இந்த இடத்தில் என்னை நல்லவளாக எழுதிப் பார்த்தேன். ‘வாருங்கள், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன்’ என்று ஒரு வரைவு இருக்கிறது. அது பொய். நான் சொன்னது இது:

“சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலைன்னு சொல்லிப் பாக்கலாம். இப்ப எல்லாருக்குமே லேட்டாதான் வருது.”

அவள் கழுத்திலிருந்த தாலியை விரலால் நெருடினாள். “அப்ப இதக் கழட்டிட்டு வரணுமா?”

நான் அவள் மடித்துவைத்த துண்டுகளைப் பார்த்தேன்.

“நேத்து ராத்திரிகூடப் பொண்ணுகிட்ட போன்ல பேசினாரு. அவகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்? வேணாம். கடை போனா போவுது. நாளைக்கி நான் போய்ச் சொல்லிடறேன். நீங்க கூட வந்தா வாங்க.”

கூட வந்தா வாங்க. அதில் கோபம் இருந்தது. அன்று முழுக்க எனக்கு அது வலித்துக்கொண்டே இருந்தது.

4

வார்டு ஆபீஸில் முத்தம்மா என்ற எழுத்தர் இருந்தார். மூன்று மாதமாக லீவே எடுக்காதவர் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு, மேசைமேல் ஆளுயரக் காகிதக் கட்டுகள்.

இளவேனில் தன் அரைகுறைக் கன்னடத்தில் நேராகச் சொன்னாள்: “மேடம், நன்ன கண்ட சத்தில்ல. பிட்டு ஹோகித்தாரெ.” என் புருஷன் சாகவில்லை, விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

முத்தம்மா கணினித் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பொய் விண்ணப்பம் கொடுத்தால் கேஸ் போடலாம், தெரியுமா என்று கேட்டார். இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“எழுதினது நான்,” என்றேன். “அவங்க ‘போயிட்டாரு’ன்னு சொன்னாங்க. நான் செத்துட்டாருன்னு எடுத்துக்கிட்டேன். அவங்க மேல தப்பே இல்லை.”

முத்தம்மாவின் தோள்கள் லேசாகக் குலுங்கின. சிரிக்கிறார் என்று எனக்குப் புரிவதற்குச் சற்று நேரமானது. கன்னடத்திலும் ‘ஹோகிபிட்ரு’ என்றால் இரண்டுக்கும் அதே சொல்தான் என்றார். சிரிப்பு நின்றதும் குரல் மாறியது. “விட்டுட்டுப் போனவங்களுக்கு இதுல கட்டமே இல்லம்மா. செத்தவங்களுக்குத்தான் இருக்கு. நான் என்ன பண்ண?”

மணி மூன்றே முக்கால்.

அவரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: பழையதை ரத்து செய்கிறேன், பொதுப் பிரிவில் புதிதாகப் போடுங்கள், முன்னுரிமை கிடையாது, வந்தால் வரும், ஐந்து மணிக்கு மூடிவிடும்.

வெளியே படியில் லேப்டாப்பைத் திறந்தேன். அதே கட்டம். ‘உங்கள் தொழில் எவ்வாறு பாதிக்கப்பட்டது?’ என் விரல் தானாகவே ‘பெருந்தொற்றின் இருண்ட நாட்களில்—’ என்று ஆரம்பித்தது.

“நிறுத்துங்க மேடம்,” என்றாள் இளவேனில். “நான் சொல்றேன். சொல்றத மட்டும் எழுதுங்க.”

அவள் சொன்னதை அப்படியே கன்னடமாக்கினேன். தமிழில் அது இப்படி இருந்தது:

“ஜனங்க எல்லாம் மூஞ்சிய மூடிக்கினு போறாங்க. எனக்குத் தெரிஞ்ச வேல மூஞ்சி வேல. மறுபடி அவங்க மூஞ்சியக் காட்டுற வரைக்கும் வாடகைக்கு ஒதவி பண்ணுங்க. அப்புறம் நானே பாத்துக்குவேன்.”

அதில் சேர்க்க எனக்கு ஒரு கமாகூடக் கிடைக்கவில்லை. நாலரைக்கு அனுப்பினோம்.

5

இங்கே சில முடிவுகளை எழுதி அடித்தேன். முத்தம்மா ஒருநாள் பார்லருக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறார். அழகாக இருந்தது, ஆனால் அவர் வரவில்லை. புருஷன் மனம் திருந்தி வருகிறார். அதைப் படித்த இளவேனில், “யார் கேட்டாங்க?” என்றாள்.

நடந்தது இதுதான். விண்ணப்பத்தின் ரசீதை அவள் ஓனரிடம் காட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மாதம் தள்ளிக் கொடுத்தார். ஏழாவது வாரம் நிவாரணம் வந்தது. எல்லாம் வாடகைக்கே போனது. கடை தங்கியது. திறந்த முதல் நாள் என்னை வரச்சொல்லிப் புருவம் திருத்திவிட்டாள். இழுக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வலிக்க இழுத்தாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். முடித்துவிட்டு, “ஆயிடுச்சுக்கா,” என்றாள். அதற்கு முன்பு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் போன மாதம் இளவேனில் ஒரு படிவத்தோடு வந்தாள். ஹெப்பகோடியில் இரண்டாவது கடை போட பேங்க் லோன். எல்லாக் கட்டங்களையும், இதற்குள் எழுதக் கற்றிருந்த கன்னடத்தில், அவளே நிரப்பியிருந்தாள். “ஸ்பெல்லிங் மட்டும் பாருங்கக்கா. வேற எதுலயும் கை வைக்காதீங்க.”

இரண்டு எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தேன்.

பேங்கிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவளோ அதற்குள் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில். உள்ளே இரண்டு நாற்காலிகளுக்குச் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டிருக்கிறாள். லோன் வந்தது என்றோ வரவில்லை என்றோ எழுத எனக்கு இப்போது துணிச்சல் இல்லை. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். என்ன பார்த்தீர்களோ அதை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: எழுதுவதற்கு முன் உள்ளே போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.