சரிவில் நின்ற கார்

காலை ஆறே முக்கால். அண்ணனின் பழைய கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தம்பிக்குத் தன் புதுக் காரை வெளியே எடுக்க வேண்டும். தூங்குகிற அண்ணனை எழுப்ப மனம் வரவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். பழைய காரைத் தெருச்சரிவில் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். சாவியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

அவனுடைய காரில் எஞ்சினை அணைத்தால் பிரேக் தானே விழும். பழைய காரில் கை பிரேக்கை இழுக்க வேண்டும். சரிவென்றால் கியரிலும் போட வேண்டும். அவன் கை அதை எப்போதோ மறந்திருந்தது. கார் உருண்டுபோய் எதிர்வீட்டு மதிலில் முட்டி, ஒரு விளக்கைப் பறிகொடுத்து நின்றது.

அண்ணன் வெறுங்காலோடு ஓடிவந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்; ஊரில் பாதிப்பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். கதவைத் திறந்து கை பிரேக்கைத் தொட்டார். அது படுத்துக் கிடந்தது.

"ராத்திரி நான் போடலையா?" என்றார், பிரேக்கைப் பார்த்து.

சொல் தம்பியின் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி முந்திக்கொண்டார்.

"போன வாரம் அடுப்பை அணைக்கல. நேத்து கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுனீங்க. இப்ப இது. அங்க ஒரு குழந்தை நின்னிருந்தா?"

அண்ணன் குனிந்து உடைந்த விளக்கின் சில்லுகளைப் பொறுக்கினார். மற்ற நாளென்றால் அண்ணனிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களையும் கழுவும்போதுகூடத் தம்பியை விடவில்லை.

"மழை வந்தா என் வண்டி தானே கண்ணாடியைத் துடைச்சுக்கும்ணே."

"உனக்கு மூக்கு ஒழுகுனா?"

"உங்க வண்டி காபி குடிக்காம கிளம்பாதே!"

"அது குடும்பத்து ஆளுடா, மொணமொணக்கத்தான் செய்யும். உன்னோடது ஹோட்டல் சர்வர். கூப்பிட்டா வரும், ஒட்டாது."

கார் மதிலில் முட்டிய அன்று முழுக்க அலுவலகத்தில் தம்பிக்கு வேலை ஓடவில்லை. 'அண்ணே, வண்டியை நகர்த்தினது நான்தான்.' நான்கே வார்த்தை. மதிய உணவின்போது ஒருமுறை வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார்?" என்றார்.

மாலையில் வீடு திரும்பியபோது பழைய கார் வாசலில் நின்றது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து கை பிரேக்கை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். கர்ர். டக். கர்ர். டக். தம்பி கதவருகே போய், "அண்ணே" என்றான்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. பழுதானது நான்தான்" என்றார். சாவியை உருவி அவன் கையில் வைத்தார். "இனிமே நான் தொடமாட்டேன். நீ வச்சுக்கோ."

"அண்ணே, அது வந்து..."

"பூசி மெழுகாதடா. எனக்கு மறதி வந்திருக்குன்னு நீ எப்பலேர்ந்து கவனிச்சுட்டு வர்ற? உன் அண்ணி ஏதோ கோபத்துல பேசுவா. நீ பொய் சொல்லமாட்ட, சொல்லு."