வேப்பம்பலகைப் பெட்டி

எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் கிணற்றுக்கு மேட்டூர்க் கரண்டு வந்த வருஷம், மோட்டார் சுவிட்சுக்கு எந்தப் பெட்டி போடுவது என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. நாமக்கல்லிலிருந்து வந்த எலெக்ட்ரிக் மேஸ்திரி பரக்கத் அலி, வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்றை வாசலில் இறக்கினார். மூடியின் விளிம்பில் சுற்றிலும் ரப்பர் பதித்திருந்தது.

“மழைத்தண்ணி உள்ளே போகாதுங்க. மண்ணுக்குள்ள ஒரு கம்பி இறக்கிட்டா, கரண்டு கசிஞ்சாலும் ஆளை விட்டுட்டு மண்ணுக்குப் போயிரும். கொடிக்காலுக்கு வெளியே, தடத்தோரமா மாட்டிக்கலாம்.”

அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். “ஏனுங்க பாய், கரண்டு இரும்புலதான ஓடுது? அதுக்கு இரும்புலயே சட்டை தைக்கிறீங்களே. வேப்பம்பலகையில அடிச்சுக்கறேன்.”

“காஞ்ச மரம் சரிங்க. நனைஞ்ச மரத்தை நம்பக் கூடாது.”

“எங்கிருந்து நனையும்? வெயிலும் மழையும் படாமத்தான அகத்தி நட்டு வெத்தலையவே காப்பாத்தறோம். அந்த நெழல்ல இது இருக்காதா?”

ஆசாரி செய்த பலகைப் பெட்டி, கிணற்றோரம், கொடிக்காலுக்குள்ளேயே ஏறியது. பக்கவாட்டில் சுவிட்சின் இரும்புக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. பரக்கத் அலி மனமில்லாமல் கரண்டுக் கம்பியை மட்டும் இழுத்தார்; மண்ணுக்குள் கம்பி இறக்கவில்லை.

“செருப்புப் போட்டுக்கிட்டாவது தொடுங்க.”

“கொடிக்காலுக்குள்ள செருப்பா?” அப்பா முறைத்தார். கொடிக்குத் தீட்டு என்று நாங்கள் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை.

சித்தப்பா சின்னராஜ் சிரித்தார். “கொடி கோவிச்சாக்கூடச் சமாளிச்சுக்கலாமுங்க பாய். எங்கண்ணன் கோவிச்சா ஊடு தாங்காது.”

ஐப்பசியில் பதினோரு நாள் மழை பெய்தது. கொடிக்காலில் நிழல் இருந்ததே தவிர, ஈரம் காயவில்லை. பலகை ஊறி உப்பிக் கதவு சாத்த வரவில்லை. இரண்டு விரல் இடைவெளிக்குள் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. சோறு போடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

“வெயிலடிச்சா சுருங்கிக்கும், போ.”

மழை விட்டு ஐந்தாம் நாள் காலை, சித்தப்பாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். அவர் கொடிக்காலின் படல் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். “பத்தே நிமிசஞ்சாமி, தண்ணியத் திருப்பிட்டு வாரேன்.” உள்ளே போய், தோள் துண்டில் இரண்டு கையையும் துடைத்தார். முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்தார். பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தார்.

பிடித்த கை வரவில்லை. அப்பா ஓடிவந்து மூங்கிலால் அடித்து விடுவித்தபோது உயிர் இல்லை.

எழவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா ஒன்றையே சொன்னார். “ஈரக்கையோட தொட்டுட்டானுங்க. நூறு தடவை சொன்னேன், கேக்கலீங்க.” பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதற்குள் அவர் அதைப் பெயர்த்து அடுப்பில் வைத்துவிட்டார். ஈரப்பலகை வீடெல்லாம் புகைந்தது.

சித்தி பெரியநாயகி என் கையைப் பிடித்தாள். “ஏஞ்சாமி, நீதான அங்க இருந்தே. நெசமா ஈரக்கையோடவா தொட்டாரு?”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க சித்தி.”

அவள் என் கையை விட்டாள். சித்தப்பாவின் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

“தோள்ல துண்டு கிடந்துச்சே! தொடைக்கத் தோணலையா உனக்கு? தொடைக்கத் தோணலையா?”