திரும்பும் நாள் என்ற கட்டம்

மகளைக் காப்பகத்திலிருந்து நான் தூக்கி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று பத்துக்கு. நேரத்தில் சந்தேகமில்லை. வாசல் பதிவேட்டில் நானே எழுதினேன்.

மனைவி இறந்த பிறகு பதினோரு நாள் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாலு வயது வாண்டு பால் பவுடரை டப்பாவிலிருந்து அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரர் தகவல் சொல்ல, அதிகாரிகள் வந்து அவளைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதில் தப்பில்லை. நான் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு எழுந்தேன். வேலைக்குப் போனேன். மகளைக் கேட்டு மனு போட்டேன். விசாரணை நான்கு முறை தள்ளிப்போனது. அந்த ஞாயிறு பார்க்கப் போனபோது காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். தொட்டால் கொதித்தது.

"டாக்டர் புதன்கிழமைதான் வருவார்," என்றார் காப்பாளர் அம்மா.

தூக்கிக்கொண்டேன். அவர் போன் பண்ண உள்ளே ஓடினார்.

நான் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். அங்கிருந்து எது வெளியே போனாலும் எழுத வேண்டும்: பொருள், நிலை, எடுப்பவர், கொடுப்பவர், திரும்பும் நாள். ஆறு வருடப் பழக்கம். வாசலில் பதிவேடு திறந்திருந்தது. கை தானாக எழுதியது. மகள். காய்ச்சல், இடது காதில் சீழ். எடுப்பவர் அப்பா. கொடுப்பவர் என்று காவலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். திரும்பும் நாள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

வழியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன்; மருந்து கொடுத்தார். வீட்டில் தூங்கினாள். ஆறு மணிக்குப் போலீஸ் வந்தது. அவளை மருந்தோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். என்னை இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். சட்டப்படி அவளுக்குப் பொறுப்பு காப்பகம். பெற்றவன் தூக்கினாலும் கடத்தல்தான்.

ஜாமீன் எடுத்தவர் மச்சான், மனைவியின் அண்ணன். வக்கீல்.

"ஏன் மாப்ள, திருடுறவன்கூட ரசீது எழுதி வச்சிட்டுப் போக மாட்டானே."

"நான் திருடல மச்சான்."

"காப்பகம் ஒரு கடிதம் கேக்குது. குழந்தை நல்லாத்தான் இருந்துச்சு, பயத்துல தூக்கிட்டேன், சாயங்காலம் கொண்டாந்து விட்டிருப்பேன். மூணே வரி. புகாரை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம்."

"அவ நல்லா இல்ல. நான் விட்டிருக்கவும் மாட்டேன்."

"நீ ஜெயிலுக்குப் போனா பிள்ளைய யாரு பாக்குறது?"

"நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தா, அடுத்த காய்ச்சலுக்கும் புதன்கிழமைதான். அவளுக்கு மட்டுமில்ல, அந்த ரூம்ல படுத்திருக்கிற அத்தனை பேருக்கும்."

மச்சான் பேனாவை மூடினார். "என் தங்கச்சி உன்னை எப்படித்தான் சமாளிச்சாளோ."

"சமாளிக்கல. சண்டைதான் போட்டா."

கோர்ட்டில் நீதிபதி அம்மா பதிவேட்டை விரித்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"திருப்பித் தர்ற எண்ணம் இல்லைன்னு அர்த்தம்."

மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது குற்றம்னு தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

நீதிபதி காவலாளியைக் கூப்பிட்டார். "காய்ச்சல்னு எழுதியிருக்கறதைப் படிச்சிட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"படிக்கலங்க. புள்ள நெத்தியத் தொட்டுப் பாத்தேன்."

காப்பகத்தின் அறிக்கையில், அன்று எல்லாக் குழந்தைகளும் நலம் என்று இருந்தது. நீதிபதி அறிக்கையையும் வாசல் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். காப்பகத்தின் மருத்துவப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. குற்றச்சாட்டு நிற்கிறது; தண்டனையும் வரலாம் என்கிறார் மச்சான். மாதம் ஒரு வாய்தா. அது முடியும்வரை மகள் காப்பகத்தில் வேண்டாம், மச்சான் வீட்டில் இருக்கட்டும் என்றார் நீதிபதி. நான் ஞாயிறு மட்டும், மூன்றிலிருந்து ஆறுவரை பார்க்கலாம். வருகையைக் குறித்துவைக்க வேண்டும்.

முதல் ஞாயிறு. ஆறு மணிக்கு வாண்டு என் செருப்பில் ஒன்றை எடுத்து மறைத்துவைத்தாள். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. மச்சான் நோட்டை நீட்டினார்.

எழுதினேன். வெளியே போவது: அப்பா. நிலை: நலம். திரும்பும் நாள்: நாளை.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான்னு கோர்ட்டு சொல்லியிருக்கு மாப்ள."

"தெரியும்," என்று கையெழுத்துப் போட்டேன்.