ஜன்னலோர மேசையும் மூன்று குடித்தனங்களும்

தேர்வு தொடங்க நாற்பது நிமிடங்களே இருந்தபோது, மூன்று இயந்திரங்களும் ஒருசேர வாய் மூடிக் கிடந்தன.

அவை தனித்தனி இயந்திரங்கள் அல்ல. ஒரே கணினிக்குள் மென்பொருளால் அமைந்த மெய்நிகர் இயந்திரங்கள். பள்ளி அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் எழுத்தராகக் கோப்புக் கட்டியவள், கணினி வலையமைப்பு வேலைக்கு மாறும் ஆசையில் ஓராண்டாக அவற்றை வளர்த்து வந்தாள். தச்சரான அவள் கணவர் அவற்றுக்குக் குடித்தனக்காரர்கள் என்று பெயர் சூட்டியிருந்தார். அந்த வேலைக்கான தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், பத்து மணிக்கு மூன்றும் இணையம் வழியே தேர்வு மையத்தோடு இணைந்தால்தான் கேள்விகள் வரும். ஒருமுறை தோற்றாயிற்று, இதுவே கடைசி வாய்ப்பு.

"என்னம்மா, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார் கணவர்.

"உள்ள இருக்கற மூணுக்கும் நெட் இல்லைங்க."

"பொய் சொல்லாதே. காலையில பாட்டு போட்டுப் பார்த்தேன், கணீர்னு பாடிச்சு."

சாப்பாட்டு மேசையில் குனிந்து படித்து அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஆகவே அவர் ஒரு மாதமாகப் பட்டறையில் ரகசியமாய் மேசையொன்று செய்து, அன்று காலை அவள் குளித்து வருவதற்குள் ஜன்னலோரம் நிறுத்தி, கணினியையும் அதன்மேல் குடியேற்றியிருந்தார். அவள் முழங்கை எந்த உயரத்தில் மடங்குமோ அந்த உயரத்தில் பலகை இருந்தது.

அவள் படிப்படியாகச் சோதித்தாள். கணினியில் இணையம் இருந்தது. மூன்று இயந்திரங்களும் தமக்குள் பேசிக்கொண்டன. வீட்டு ரூட்டரைக் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. ரூட்டரை அணைத்துப் போட்டாள். பயனில்லை, ஐந்து நிமிடம் கரைந்ததுதான் மிச்சம். பிறகே அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். குடித்தனக்காரர்களை வெளியுலகோடு சேர்க்கும் பாலம் என்ற இணைப்பு, வைஃபையை விட்டுக் கேபிளையே பிடித்துக்கொண்டு நின்றது. கேபிள் இணைக்கப்படவில்லை என்றது திரை.

"இங்க கேபிள் எங்கங்க?"

"பழைய இடத்துலயே இருக்கு. அவ்வளவு தூரம் எட்டல. வைஃபைல வருதேன்னு விட்டுட்டேன்."

வயர் கண்ணில் பட்டால் வேலை அரைகுறை என்பது அவர் கொள்கை. எல்லா வயரையும் பலகைக்குப் பின்னால் மறைத்திருந்ததால், ஒன்று குறைவதை அவளும் அறியவில்லை.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. மேசையின் அடியில் கை கொடுத்தார். "தள்ளு, தூக்கிட்டுப் போயிடறேன். பழையபடி சாப்பாட்டு மேசையில வச்சிக்கோ."

மணி ஒன்பது நாற்பத்தெட்டு. அதுதான் நிச்சயமான வழி என்பதை அவள் அறிவாள்.

"கைய எடுங்க. மேசை இங்கதான் இருக்கும்."

"பரீட்சைய விடப் பலகை பெருசாம்மா?"

"பரீட்சையில கேக்கறதே இதைத்தான். இது சரி பண்ணத் தெரியாம நான் என்னத்தை எழுதிக் கிழிக்கப் போறேன்?"

பாலத்தை நீக்கினாள். மூன்றும் கணினியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதன் வைஃபை வழியே, அதன் முகவரியிலேயே வெளியே பேசும்படி அமைப்பை மாற்றினாள். முதல் இரண்டும் புது முகவரி பெற்றுப் பதில் தந்தன. மூன்றாவது அசையவில்லை. அதற்கு மட்டும் பழைய முகவரியைத் தன் கையாலேயே எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது. இருமுறை பிழையாக அடித்து, மூன்றாம் முறை திருத்தினாள். அவர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

திரையில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நீங்க கிளம்புங்க. ரூம்ல வேற ஆள் இருந்தா பரீட்சை செல்லாது."

"விரட்டறதைப் பாரு," என்றார் அவர். ஆனால் போகவில்லை, குனிந்து, நாற்காலியை அவள் முதுகுக்கு இசைவாக ஒரு விரற்கடை முன்னே நகர்த்தினார். பிறகு கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டு, யாரும் அழைப்புமணி அடித்துவிடக் கூடாதென்று வீட்டு வாசற்படியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் நிமிர்ந்து அமர்ந்து, முதல் கேள்வியைத் திறந்தாள்.